மூன்றாவது நீர்க்காகத்தின் கண்

இன்று காலை அல்சூர் ஏரிக்கரையில் வழக்கம்போல் நானும் என் சிநேகிதர் ஒருவரும் நடந்துகொண்டிருந்தோம். ரிடையரான தாசில்தார் அவர். எதைப் பார்த்தாலும் உடனே ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட வேண்டும் அவருக்கு. தண்ணீருக்குள் நட்டிருந்த ஒரு கம்பத்தின் மேல் கறுப்பாக ஒன்று இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா சார், அண்டங்காக்கா குளிச்சிட்டு வெயில் காயுது" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "ஏன் சார், கண்ணை வீட்டுல வெச்சிட்டு வந்துட்டீங்களா? அது காக்காவா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். மனுஷர் முகம் சுருங்கிப்போய் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நாளைக்குப் போய்ச் சமாதானம் பேச வேண்டும். அடுத்தவர் கண்ணைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. அது ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், அவருக்குச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்தப் பறவைக்கு நியாயம் செய்துவிடுகிறேன். நீர்க்காகத்துக்கும் காக்கைக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. கறுப்பாகப் பிறந்ததைத் தவிர அது வேறு குற்றம் செய்யவில்லை. காலைப் பார்த்தீர்களானால் நாலு விரலையும் ஒரே தோல் சேர்த்துப் பிடித்திருக்கும். வாத்துக்குக்கூட மூன்று விரல்தான் அப்படி. அலகு நுனியில் ஒரு கொக்கி. வளர்ந்த பறவைக்கு வெளியே தெரிகிற மூக்குத் துவாரம் கிடையாது, வாயால்தான் மூச்சு விடும். இறகில் போதிய எண்ணெய்ப் பசை இல்லாததால் முழுகி எழுந்தால் நனைந்துவிடும், அதனால்தான் அப்படிச் சிறகை விரித்துக் காய வைக்கிறது.

நம் பக்கத்து ஏரிகளில் மூன்று வகை உண்டு. பெரியது வாத்தைவிட நல்ல பெரிசு. தடித்த அலகு, கன்னத்தில் வெள்ளை, தொண்டைக்கு அடியில் மஞ்சள் தோல். குஞ்சு பொரிக்கும் காலத்தில் தொடையில் கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு வரும். நடுவானதைக் கொண்டை நீர்க்காகம் என்பார்கள். எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தாரோ, அதற்குக் கொண்டையே கிடையாது. கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை முடி நிற்கும், அவ்வளவுதான். உடம்பு மெலிவு, அலகு நீளம். மூன்றாவது சிறியது. குட்டை அலகு, எடுப்பான நெற்றி, உடம்புக்குப் பொருந்தாத நீள வால். இதுதான் எங்கும் இருப்பது. வால் இறகை எண்ணினால் பெரியதற்குப் பதினாலு, மற்ற இரண்டுக்கும் பன்னிரண்டு. மூன்றின் இளசுகளும் பழுப்பாக, வயிறு வெளுத்து இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாலாவது வகை என்று சத்தியம் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் நான் ஏரிக்கரையில் கற்றதில்லை. யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வெள்ளைக்கார துரையிடம் வேலை பார்த்தேன். டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்னிந்தியாவின் நீர்ப் பறவைகள் எல்லாவற்றையும் படத்தோடு புத்தகமாகப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுவேன் என்று உட்கார்ந்திருந்தார். பங்களாவின் பின்கட்டில் பறவை அறை. உள்ளே போனால் அந்துருண்டை வாசனை மூக்கில் அடிக்கும், அதற்கு அடியில் பூச்சி அரிக்காமல் தோலுக்குள் தடவும் பாஷாண சோப்பின் வாடை, அதற்கும் அடியில் பழைய மீன். இழுப்பறையைத் திறந்தால் பஞ்சு அடைத்த பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடக்கும். கண் இருந்த இடத்தில் பஞ்சு. அவற்றைப் பார்த்து வரைந்து வர்ணம் தீட்டுவது என் வேலை.

இப்போது என் யோக்கியதை. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. சின்ன வயசில் அம்மா தோட்டத்துக்கு அனுப்பிப் பழுத்த மிளகாயாகப் பறித்துவரச் சொன்னால், முறம் நிறையப் பச்சை மிளகாயோடு வந்து முதுகில் வாங்கிக்கொள்வேன். ஆனால் பென்சிலைக் கொடுத்தால் கை நிற்காது. துரை என்னைச் சோதித்ததும் பென்சிலில்தான். பருந்தின் கால் ஒன்றை வரையச் சொன்னார், வரைந்தேன், "நாளைக்கு வா" என்றார். வர்ணம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வயசு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

கல்யாணமான மூன்றாவது வாரமே செசிலிக்குத் தெரிந்துவிட்டது. செசிலி என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டு நின்றவளிடம், ஆசையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இந்தப் பச்சைப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு" என்றேன். அவள் குனிந்து புடவையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அய்யோ, நெத்தச் செவப்புங்க இது!" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூசைக்கு நேரமாகிவிட்டது. அன்று சாயந்திரமே என் வர்ணக் கிண்ணங்களுக்கு நூல் கட்டினாள். ஒரு முடிச்சு என்றால் சிவப்பு, இரண்டு பச்சை, மூன்று பழுப்பு. எங்கள் வீட்டில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று துரையிடம் ஒரு பொய்யைச் சொல்லி, படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து தீட்டுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்க, போதும், போதும்" என்பாள். துரைக்கு நாங்கள் இரண்டு பேர் வேலை பார்த்தோம். அவருக்குத் தெரிந்தது ஒருவனைத்தான்.

அடுத்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. அவளுக்கு இருமல் வந்தது. மழைக்காலம், எல்லாருக்கும் வரும் என்று விட்டுவிட்டேன். அவளுடைய கைக்குட்டையில் கறை பார்த்தேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. எனக்கு அது மங்கிய பழுப்பாகத் தெரிந்தது. "என்ன செசிலி இது?" என்று கேட்டதற்கு, "காப்பி கொட்டிட்டேங்க" என்றாள். நம்பினேன். இரண்டு மாதம் நம்பினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, ஊட்டுக்காரி ரத்தமா துப்புறா, நீ பாட்டுக்குச் சும்மா இருக்கியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அவளுடைய புருஷனாக வேறு எவன் இருந்திருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். இதற்கு நான் எங்கே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய?

துரையின் காலில் விழாத குறை. பொம்மனஹள்ளிக்கும் அப்பால், ராகி வயல்களுக்கு நடுவே ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் கமிட்டியில் துரை இருந்தார். இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தன் ஆளுடைய மனைவி என்று சொல்லிப் பெண்கள் வார்டில் ஒரு படுக்கை வாங்கிக்கொடுத்தார். நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படுக்கை என் வேலையோடு ஒட்டியது. நான் துரையின் ஆளாக இருக்கும்வரைதான் அவள் அங்கே படுத்திருக்கலாம். இதை அவரும் வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் பெயருக்கு மேலே அவர் பெயர்தான் எழுதியிருந்தது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுவாரமே நான் ஒரு மீன்கொத்திப் படத்தைக் கெடுத்தேன். நூல் நைந்து ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சிவப்பாக இருக்க வேண்டிய அலகுக்குப் பச்சையை அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். துரை படத்தையும் பார்த்தார், என் வாயையும் மோந்து பார்த்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதால் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்வதாகவும், இன்னொரு படம் இப்படி வந்தால் மெட்ராஸிலிருந்து வேறு ஆளை வரவழைத்துவிடுவதாகவும் சொன்னார்.

பயத்தில் எனக்கு ஒரு புத்தி வந்தது. கறுப்புப் பறவையாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன? "சார், நீர்க்காகம் மூணையும் நான் போடறேன் சார்" என்றேன். அவருக்குச் சந்தோஷம். யாரும் கேட்டு வாங்குகிற பறவையா அது! கறுப்புக்குக் கறுப்பை அடித்தால் தீர்ந்தது, செசிலி திரும்பி வரும்வரை இதிலேயே ஓட்டிவிடலாம் என்று எண்ணி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மடையன். நீர்க்காகத்தில் கறுப்பே கிடையாது, தெரியுமா? வெளிச்சத்தில் பிடித்தால் முதுகு வெண்கலம், கழுத்து பச்சையும் நீலமும் கலந்த மினுக்கு, தொண்டை மஞ்சள். கண்ணோ ஒவ்வொரு வகைக்கும் ஒரு பச்சை. அந்தக் கண்தான் துரைக்கு உயிர். பறவை செத்த கால் மணியில் கண்ணின் நிறமும் செத்துவிடும் என்பார். அதனால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை உயிரோடு பிடித்து, ஒரு வர்ண அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறதோ அந்த எண்ணைக் குறித்துவர வேண்டும். அட்டை முழுக்கச் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எண். என் கண்ணுக்கு அதில் பாதிக்குமேல் ஒரே சாம்பார்.

என்ன செய்திருப்பேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். சிவாஜி நகரில் காசிம் பாய் என்று ஒருவர், துரைக்கு வலைபோட்டுப் பறவை பிடித்துக் கொடுப்பவர். அவர் பெரிய நீர்க்காகம் ஒன்றைப் பிடித்துவந்ததும், அதன் அலகை நூலால் கட்டி, தலைக்குத் துணி சுற்றி, மூங்கில் கூடையில் போட்டு, சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். வியாழனும் ஞாயிறும்தான் பார்க்க விடுவார்கள். வாசல் காவலாளி முனியப்பா கூடையைத் தட்டி, "ஏனப்பா இது, பாத்துக்கோளியா?" என்று கன்னடத்தில் கேட்டான். "ஹௌது, ஹௌது, வாத்துதான்" என்றேன். "சூப்புக்கா?" என்று தமிழுக்கு மாறினான். அதற்கும் தலையாட்டினேன்.

செசிலி பின்பக்க வராந்தாவில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கூடையைத் திறந்து தலைத்துணியை எடுத்ததும் அந்த ஜந்து கட்டு நழுவிய அலகைத் திறந்து பாதி ஜீரணமான ஒரு கெண்டையைக் கட்டிலடியில் கக்கியது. நாற்றமான நாற்றம்! இரண்டு பேரும் பயந்துபோய் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தோம். அவள் சிரித்தால் இருமல் வரும், அதனால் நான் சீக்கிரம் நிறுத்தினேன். பிறகு அட்டையைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடி, நிதானமாகப் பார்த்து, "நாப்பத்திரண்டு" என்றாள். தொண்டைத் தோலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, எந்தக் கிண்ணத்திலிருந்து எத்தனை சொட்டு கலக்க வேண்டும் என்பதுவரை எல்லாம் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

"இம்மாம் அழகான பச்சைங்க இந்தக் கண்ணு. இந்த மூஞ்சிக்கு இது வேணுமா?" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"காஞ்ச எலை மாதிரி."

"போங்க, பாவம் நீங்க" என்று என் கையைத் தட்டினாள். பறவை அலகைத் திறந்தபடி மூச்சு வாங்குவதைப் பார்த்து, "இதுக்கும் என்னை மாரி வாயாலதான் மூச்சா?" என்று கேட்டாள். மூக்குத் துவாரம் இல்லாத கதையைச் சொன்னேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றும் ஒரே தாளில் வர வேண்டும். பெரியதைத் தீட்டிக் காட்டியதும் துரைக்குப் பிடித்துவிட்டது. அடுத்து கொண்டையில்லாத கொண்டை நீர்க்காகம். அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். இந்த முறை அவளால் அட்டையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். கண்ணில் பச்சையோடு நீலமும் இருக்கிறது என்று சொல்லி எண்ணைத் தேட நேரம் எடுத்தாள். அவள் எண்ணைச் சொல்லவும் வார்டு சிஸ்டர் வரவும் சரியாக இருந்தது. ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, நாக்கில் நெருப்பு. காசநோய் வார்டுக்குள் மீன் நாற்றத்தோடு ஒரு காட்டுப் பறவை! என்னைக் கூடையோடு வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். மறுநாளே விஷயம் கமிட்டிக்கு, அதாவது துரைக்குப் போய்விட்டது.

துரை ஆஸ்பத்திரி வாசலிலேயே வைத்து என்னைக் கேட்டார். முனியப்பா பக்கத்தில் நின்றான். நீர்க்காகத்தை எதற்கு நோயாளியிடம் கொண்டுபோனாய்? உண்மையைச் சொன்னால் என் கண்ணின் குறை வெளியே வந்துவிடும், வேலை போகும், அந்தச் சீட்டு கிழியும், செசிலி தெருவுக்கு வருவாள். சொல்லாமல் நின்றால் பைத்தியம் என்று துரத்துவார். முனியப்பாதான், பாவம், உதவி செய்வதாக நினைத்து, "சூப்புக்கு சார், சூப்புக்கு" என்றான். அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா சார். இந்தப் பறவையோட சூப் வெச்சுக் குடுத்தா நெஞ்சு நோய் போயிடும்னு எங்க ஜனங்க சொல்வாங்க சார். தண்ணிக்குள்ள அவ்ளோ நேரம் மூச்சடக்குது இல்லையா சார், அதனால." எங்கிருந்து வந்ததோ அந்தக் காரணம்! எந்த ஜனமும் அப்படிச் சொன்னதில்லை. துரை தலையில் அடித்துக்கொண்டார். படித்தவன் நீ, உனக்கு இந்த மூடநம்பிக்கையா என்று திட்டினார். இனிமேல் பறவை உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். வேலை தப்பியது, படுக்கை தப்பியது. அன்று நான் கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

முனியப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. துரையிடமே சொன்ன மருந்தாயிற்றே! பத்துப் பதினைந்து நாளில் ஆஸ்பத்திரிக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தூக்குப் பாத்திரங்களில் சூப் வர ஆரம்பித்தது. பார்க்க விடாத நாளில் முனியப்பா கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். சிஸ்டருக்குக் கோழிச் சூப் என்று கணக்கு. ஒரு வியாழக்கிழமை மரத்தடியில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். முனியம்மா என்று பெயர். மில்லில் வேலை பார்த்த புருஷன் ஆண்கள் வார்டில் கிடந்தான். இடுப்பில் ஒரு குழந்தை.

"அண்ணே, நீங்கதான் அந்த நீர்க்காக்கா வைத்தியம் சொன்னீங்களாமே. எத்தினி நாளு குடுக்கணும்ணே?"

இதோ பாரம்மா, அது பொய், நான் பிழைப்புக்காகச் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் முனியப்பா காதுக்குப் போகும், முனியப்பாவிடமிருந்து துரைக்கு. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையும்.

"மூணு நாள்" என்றேன். "விடாம மூணு நாள் குடுக்கணும்."

என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு ஓடிவந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம், ஒரு உருண்டை களி தின்றானாம். "உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்ணே" என்று அழுதாள். எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஆனால் அன்று சைக்கிளில் திரும்பிவரும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. ஒருவேளை? உலகத்தில் எத்தனையோ மருந்து இப்படித் தற்செயலாகத்தான் கிடைத்திருக்கிறது, இல்லையா? நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது உண்மையாக இருந்துவிட்டால்?

செசிலியை உள் அறைக்கு மாற்றினார்கள். உள் அறை என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பேசினால் அவளுக்கு மூச்சு இரைத்தது. நான் மூன்றாவது பறவையைப் பற்றிக் காசிம் பாயை நச்சரித்துக்கொண்டிருந்தேன், படத்துக்காக. சிறிய நீர்க்காகம்தானே, எங்கும் கிடப்பது என்று கடைசிக்கு விட்டிருந்தேன். அவர் கையை விரித்தார். "அரே பாபு, க்யா கரூங்? ஏரியில ஒண்ணு மிச்சமில்ல. நெஞ்சு நோய்க்கு மருந்தாம், ஜனமெல்லாம் வந்து அடிச்சிட்டுப் போயிடுச்சு. எவன் கிளப்புன கதையோ!" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் நாலைந்து ஏரி சுற்றி, ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல வளர்ந்த பறவை. நெற்றியில் இரண்டு மூன்று வெள்ளை முடி.

அதை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாரையாவது, தெருவில் போகிற ஒரு பிள்ளையையாவது கூப்பிட்டு, அட்டையைக் காட்டி எண்ணைக் கேட்டிருக்கலாம். படம் முடிந்திருக்கும், வேலை நிலைத்திருக்கும், படுக்கையும். நான் அரிவாள்மணையை எடுத்தேன். படித்தவன், வாலிறகு எண்ணத் தெரிந்தவன், அந்தப் பொய்யைப் பெற்றவனே நான். அதை உரித்து, மிளகும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தேன். வீடெல்லாம் மீன் வாடை. கொதிக்கும்போது அடுப்பின் முன்னால் முழங்காலிட்டு ஜெபம் செய்தேன். எந்தப் புனிதருக்கு என்று ஞாபகமில்லை, எல்லாருக்கும்தான்.

தூக்குப் பாத்திரத்தைத் திறந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது நீங்க கட்டுன கதைதானே?"

"ஆமா."

"அப்புறம் இன்னாத்துக்குக் கொண்டாந்தீங்க?"

தேம்பித் தேம்பி அழுதேன், பக்கத்துக் கட்டில் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செசிலி என்னையே பார்த்தாள். "சரி, அழாதீங்க. குடுங்க" என்றாள். ஒவ்வொரு கரண்டிக்கும் குமட்டியது அவளுக்கு. இருந்தும் நிறுத்தவில்லை. கிண்ணத்தைச் சாய்த்து அடிவரை குடித்தாள், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கண்ணு எத்தினி நம்பருங்க?" என்று கேட்டாள்.

"பாக்கலை."

"அய்யய்யோ, பாக்காமயா அடிச்சீங்க? வேலை போயிடுமேங்க!" என்றாள். அதுதான் அவள் கவலை.

திங்களும் செவ்வாயும் நான் துரை வீட்டுப் பக்கம் போகவில்லை. அல்சூர் ஏரி, அதைத் தாண்டி இருந்த ஏரிகள், குட்டைகள் எல்லாவற்றையும் சைக்கிளில் சுற்றினேன். கரையில் நின்று கம்பம் கம்பமாகப் பார்த்தேன். கொக்கு இருந்தது, நாரை இருந்தது, முக்குளிப்பான் இருந்தது. கறுப்பாக ஒன்றும் இல்லை. காசிம் பாயின் காலைப் பிடித்தேன், இரண்டே இரண்டு பறவை, இன்னும் இரண்டு நாளைக்கு வேண்டும் என்று. "ஏன் பாபு, உங்களுக்குமா?" என்று கேட்டார் அவர். புதன்கிழமை காலையில் முனியப்பா ஆள் அனுப்பியிருந்தான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துப் படத்தைக் கொண்டுபோய் துரையிடம் கொடுத்தேன். இரண்டு பறவைக்குக் கண் இருந்தது, மூன்றாவதற்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். எல்லாவற்றையும் சொன்னேன், மிளகாய்த் தோட்டத்திலிருந்து ஆரம்பித்து. இனி மறைத்து எதைக் காப்பாற்ற? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, முதலிலேயே சொல்லியிருந்தால் பென்சில் வேலை மட்டும் கொடுத்திருப்பேனே என்றார். உண்மையாக இருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு அப்படிச் சொல்வது யாருக்கும் சுலபம் என்றும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முனியம்மாவின் புருஷனும் அந்த மாதமே போய்விட்டான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவளை எங்கேயாவது எதிரில் பார்த்துவிடுவேனோ என்று வெகுகாலம் மில் பக்கமே போகாமல் இருந்தேன்.

யுத்தம் வந்தது, துரை கப்பல் ஏறினார். புத்தகம் வரவில்லை. இழுப்பறைப் பறவைகள் எங்கே போயினவோ, பங்களா இருந்த இடத்தில் மூன்று வீடுகள் நிற்கின்றன. நான் பிற்பாடு மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராகிக் கறுப்பு வெள்ளையிலேயே காலத்தை ஓட்டினேன். அந்த ஆஸ்பத்திரியின் உள் அறையும் இல்லை, அதைக் கண்டு நடுங்கிய நடுக்கமும் இல்லை. எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன வருஷம் அதே நோய். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மாதக்கணக்கில் விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டாள். இப்போது ஆபீஸுக்கு ஓடி பஸ் பிடிக்கிறாள். பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வருகிறது, யார் மேல் என்று தெரியாமல்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அது மருந்தில்லை என்று எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். இருந்தும் இந்த வயசிலும் சில நாள் காலையில் கண் விழிக்கும்போதே ஒரு கணக்கு ஓடுகிறது: ஒரு நாள்தானே கொடுத்தோம், மூன்று நாளும் விடாமல் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று. அந்த மூன்றைச் சொன்னவன் நான்தான்.